சூரியனுக்கு நூற்றுக்கு நூறு போடலாமா?



ஒரு நாள் வேளச்சேரியில் இருந்து தாம்பரத்துக்குப் பேருந்தில் வந்து கொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்பின் மேல் மாடியில் வசிக்கும் ஏழாம் வகுப்புச் சிறுமியும் என்னோடு வந்தாள். பள்ளிக்கரணை அருகே நெரிசலில் பேருந்து நின்றுவிட்டது.

"டீச்சர் பாட்டி, தேசிய காற்று ஆற்றல் நிறுவனம்னு ஒண்ணு இந்த ரோட்டுலதான் இருக்காமே? அங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டாள்.

"எங்கே எவ்வளவு வேகமாகக் காற்று வீசுகிறது, எந்தக் காற்றாலை நன்றாக வேலை செய்கிறது என்று ஆராய்கிற மத்திய அரசு நிறுவனம் அம்மா அது. 1998-ம் ஆண்டில் தொடங்கினார்கள்" என்றேன்.

"காத்து சும்மா வீசுது. வெயில் சும்மா அடிக்குது. புகையும் இல்ல, சாம்பலும் இல்ல. அப்படின்னா அந்த மின்சாரத்துக்கு நூத்துக்கு நூறு மார்க் போடலாம்தானே?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவள் நான். முழுத் தாளையும் படிக்காமல் மதிப்பெண் போட மனம் வருமா? வீடு வந்து சேரும் வரை இருவரும் சேர்ந்து திருத்தினோம். நீங்களும் வாருங்கள்.

பிறக்கும்போது...

சோலார் தகடு வெயிலில் இருந்து பிறப்பதில்லை. பூமியில் இருந்து தோண்டி எடுக்கும் குவார்ட்ஸ் என்னும் கல்லில் இருந்துதான் அதற்கு வேண்டிய சிலிக்கன் கிடைக்கிறது. அதை உருக்க 1,400 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடு வேண்டும். அலுமினியச் சட்டம், கண்ணாடி, தாமிரக் கம்பி, கொஞ்சம் வெள்ளி எல்லாம் சேர வேண்டும். உலகின் சோலார் தகடுகளில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. அங்குள்ள தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது!

ஆக, சோலார் தகடு பிறக்கும்போதே கொஞ்சம் கடனோடு பிறக்கிறது. ஆனால் ஒன்று. தன்னைத் தயாரிக்கச் செலவான ஆற்றலை ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் அது திருப்பித் தந்துவிடும். அதன் ஆயுளோ சுமார் 25 ஆண்டுகள். மீதி ஆண்டுகள் எல்லாம் லாபம்தான்.

வாழும்போது...

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ம் ஆண்டு ஒரு பெரிய சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது. 648 மெகாவாட் திறன். சுமார் 25 லட்சம் தகடுகள். ஓரிடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் அப்போது உலகிலேயே பெரியது அதுதான். நமக்குப் பெருமைதான். ஆனால் அதற்குத் தேவைப்பட்ட இடம் எவ்வளவு தெரியுமா? சுமார் 2,500 ஏக்கர்! வேலி போட்டு அடைத்த இடத்தில் ஆடு மாடு மேய முடியுமா? வயலில் விதைக்க முடியுமா?

அடுத்தது ராஜஸ்தான். அங்கே கானமயில் என்ற பறவை இருக்கிறது. ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். பறக்கும் பறவைகளில் மிகவும் கனமானவற்றுள் இதுவும் ஒன்று. உலகில் மிஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கம்பியை அருகில் வந்து பார்த்தாலும், கனமான உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. சூரிய, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு செல்ல அந்தப் பாலைவனத்தில் உயர் அழுத்தக் கம்பிகள் பெருகின. கானமயில்கள் மோதி இறந்தன.

கானமயில்கள் வாழும் பகுதியில் மின்கம்பிகளை மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லா இடத்திலும் அது நடக்காத காரியம் என்று அரசு சொன்னது. 2024-ம் ஆண்டு அந்த உத்தரவை மாற்றி, வழி காண நிபுணர் குழு ஒன்றை நீதிமன்றம் அமைத்தது. ஒரு பக்கம் புகையில்லாத மின்சாரம், மறுபக்கம் அழிந்து கொண்டிருக்கும் பறவை. நீதிபதிகளுக்கே கடினமான கேள்வித்தாள்!

வயதான பிறகு...

25 ஆண்டுகள் கழித்து அந்தத் தகடு எங்கே போகும்? காற்றாலையின் இரும்புக் கோபுரத்தை உருக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். ஆனால் இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்தவை. அவற்றை மறுசுழற்சி செய்வது எளிதல்ல.

குப்பையை எங்கோ கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தால் என்ன ஆகும் என்பது தாம்பரம், வேளச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். பூநாரைகள் வந்து இறங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தானே பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்தது! சோலார் தகடுகளுக்கும் அந்த நிலை வரக்கூடாது. 2022-ம் ஆண்டு வெளியான மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் தகடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. அந்த விதி ஏட்டோடு நின்றுவிடாமல் இருக்க வேண்டும்.

"அய்யோ! அப்ப சோலார் ஃபெயிலா பாட்டி?" என்று சிறுமியின் முகம் வாடிவிட்டது.

அவசரப்படக் கூடாது. பக்கத்து பெஞ்ச் மாணவனின் விடைத்தாளையும் பார்க்க வேண்டாமா?

நிலக்கரியின் விடைத்தாள்

தோண்டுவது முதல் தூக்கி எறிவது வரை எல்லாவற்றையும் கூட்டி விஞ்ஞானிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஐ.நா. அமைத்த பருவநிலை அறிஞர் குழு 2014-ம் ஆண்டு அதை வெளியிட்டது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கரியமில வாயுவின் அளவு இதோ:

நிலக்கரி - சுமார் 820 கிராம்
வீட்டுக்கூரை சோலார் - சுமார் 41 கிராம்
காற்றாலை - சுமார் 11 கிராம்

820-ஐ 41-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 20! நிலக்கரி விடும் கரியமில வாயுவில் இருபதில் ஒரு பங்குதான் சோலார் விடுகிறது. வாயு மட்டுமா? வடசென்னையில் எண்ணூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்து, மீனவர்கள் நீதி கேட்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். நாம் தென்சென்னையில் மின்விசிறி போட்டால், சாம்பல் வடசென்னையில் விழுகிறது.

எனவே நிலக்கரி தோல்வி. சோலாரும் காற்றாலையும் நல்ல மதிப்பெண்ணில் தேர்ச்சி. ஆனால் நூற்றுக்கு நூறு இல்லை.

மிச்ச மதிப்பெண்ணை வாங்குவது எப்படி?

விளைநிலத்துக்குப் பதிலாக மொட்டை மாடியில் தகடு வைத்தால் நிலத்துக்குப் போன மார்க் திரும்பும். ஒரு கிலோவாட் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போதும். ஒரு நாளைக்கு நான்கு யூனிட் வரை கிடைக்கும். பறவைகளின் வழியை அறிந்து கம்பி இழுத்தால் இன்னும் கொஞ்சம். பழைய தகட்டைத் தயாரித்தவரே திரும்பப் பெற்றால் இன்னும் கொஞ்சம்.

"பாட்டி, அப்ப நூத்துக்கு நூறு வாங்குற மின்சாரமே கிடையாதா?"

"ஒன்றே ஒன்று உண்டு அம்மா. நாம் செலவு செய்யாமல் மிச்சம் பிடிக்கும் மின்சாரம். அதற்குக் கல் தோண்ட வேண்டாம், நிலம் வேண்டாம், கம்பி வேண்டாம். ஒரு கானமயிலும் சாகாது" என்றேன்.

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, ஆளில்லாத அறையில் ஓடிக் கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாளாம். அவளுடைய அம்மா சொன்னார்.

உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் வீட்டு மின்மீட்டரை இன்று காலை ஆறு மணிக்கும், நாளை காலை ஆறு மணிக்கும் பார்த்து எழுதுங்கள். கழித்தால் ஒரு நாள் செலவு தெரியும். அடுத்த ஞாயிறுக்குள் அதில் ஒரு யூனிட்டாவது குறைக்க முடியுமா? முயன்று பாருங்கள். மார்க் நீங்களே போட்டுக் கொள்ளலாம்!