உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்குள் ஸ்டீராய்டு!

கருவிழியில் பாக்டீரியாப் புண் வந்தால் ஸ்டீராய்டு சொட்டு விடலாமா, கூடாதா? உலகக் கண் டாக்டர்களின் இந்தச் சண்டையைத் தீர்க்க வந்தது நம்ம தமிழ்நாடு! மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்க டாக்டர்களும் கைகோத்தார்கள். 2006 முதல் 2010 வரை சேர்ந்த நோயாளிகள் 500 பேர்!

எல்லாருக்கும் முதலில் கிருமிக்கொல்லி. பிறகு பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத சொட்டு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் பார்வையில் பெரிய வித்தியாசமே இல்லை! ஆனால், தொடக்கத்தில் விரலை எண்ணும் அளவுக்கோ அதற்கும் கீழேயோ பார்வை இருந்தவர்கள் ஸ்டீராய்டால் கண் பரிசோதனை அட்டையில் 1.7 வரி கூடுதலாகத் தேறினார்கள்!

கோபி விவசாயிகளே, இது உங்களுக்கு! தடப்பள்ளி, அரக்கன்கோட்டைப் பாசன வயலில் நெல் கூரோ கரும்புச் சோகையோ கண்ணில் கீறினால், பூஞ்சை உள்ளே குடியேறலாம். 1994இல் மதுரையில் மூன்றே மாதத்தில் 434 கருவிழிப் புண்களைச் சோதித்தார்கள். பாக்டீரியா மட்டும் இருந்தது 140 பேருக்கு. பூஞ்சை மட்டும்? 139 பேருக்கு!

அந்தப் பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விழுந்தால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்! கண் சிவப்புக் குறையும், வலி அடங்கும், புண் உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள்!

ஆனால், கிருமியே இல்லாத அழற்சியில் இதே ஸ்டீராய்டு சொட்டுதான் ராஜா! கண்ணுக்குள் கடும் அழற்சி என்றால் மணிக்கு ஒரு தடவைகூட விடச் சொல்வார்கள். பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும்!

பிரெட்னிசோலோன் அசிடேட் என்ற ஸ்டீராய்டு சொட்டு பாட்டிலைக் குலுக்கினீர்களா? குலுக்காவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும்!

கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு மருந்தோ 30 முதல் 50 வரை! இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான்!

ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்கில் விட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஏறும். வலியே தெரியாது! அழுத்தம் பார்க்க டாக்டர் கூப்பிட்டால் போய்விடுங்கள், அதுதான் பார்வையைக் காக்கும்.

இந்த மருந்துக் குடும்பத்தின் மூத்தது கார்ட்டிசோன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவில் மூட்டுவாத நோயாளிக்கு முதல் ஊசி. 1950இல் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. இடைவெளி வெறும் 2 வருடம்!