கொப்பியில் எனக்கும் ஒரு வரி

எங்கள் வீட்டுச் செலவை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அரிசி, மா, மின்கட்டணம், மகளின் ரியூசன் காசு, சீட்டுக் காசு. எனக்கென்று ஒரு வரி பல வருடங்களாக அதில் இருந்ததில்லை.

பயணமும் அப்படித்தான். யுத்த காலத்தில் பயணம் என்றால் பாஸ், சோதனைச் சாவடி, இடப்பெயர்வு. குண்டசாலைக்கு வந்த பிறகு கந்தோர், ஆஸ்பத்திரி, வங்கி. சும்மா ஓரிடம் போய்வருவது குற்றம் போலவே பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அப்போது அந்த எண்ணமே அற்றுப்போனது.

நிலைமை சற்றுத் தெளிந்ததும் பால்மாப் பேணியொன்றில் தினம் 20 ரூபா போட்டேன். இரண்டு மாதத்தில் 1,200 ரூபா. ஒரு போயா தினத்தில் சோற்றுப் பார்சலுடன் மகளை அழைத்துப் புறப்பட்டேன்.

"அம்மா, இன்றைக்கு எந்தக் கந்தோருக்கு?" என்று கேட்டாள். நெஞ்சு அடைத்தது.

போனது பேராதனைப் பூங்காவுக்கு. 147 ஏக்கர் நிலம். மூன்று பக்கமும் மகாவலி. அதே ஆறுதான் கண்டியை வளைத்து, பொல்கொல்லையைக் கடந்து எங்கள் பக்கம் வருகிறது. தென்னக்கும்புரப் பாலத்தில் பஸ்ஸிலிருந்து மட்டுமே பார்த்த ஆற்றை அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். மகள் புல்லில் ஓடித் திரிந்தாள்.

சகோதரிகளே, கடன் பட்டு ஊர் சுற்றச் சொல்லவில்லை. உங்கள் கொப்பியிலும் உங்களுக்கென ஒரு வரி எழுதுங்கள். சிறிய தொகையானாலும் போதும்.