கையால் சுற்றும் தையல் இயந்திரம்: சிங்கர் 28கே
கிளைட்பேங்க், ஸ்காட்லாந்து

‘கே’ என்பது கிளைட்பேங்கில் இருந்த சிங்கரின் கில்போவி ஆலையின் குறி. ஆலை 1980-இல் மூடப்பட்டது. இந்த இயந்திரத்தில் வட்ட பாபின் கிடையாது. நீண்ட பாபினைச் சுமந்த தோட்டா வடிவ ஷட்டில், ஊசிக்கடியில் முன்னும் பின்னும் வீசியாடும்.

இங்கு வந்தபோது கைப்பிடி அசையவில்லை. துருவெல்லாம் இல்லை, பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே அடைந்திருந்த பஞ்சைக் கிளறி எடுத்து, மிஷின் எண்ணெய் விட்டதும் சுழன்றது. தங்கப் பூவேலைக்கு மேல் அரக்கு வார்னிஷ் பூசப்பட்டுள்ளது. ஸ்பிரிட் பட்டால் அது கரையும். பூவும் கூடவே போகும். ஆகவே மிஷின் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மட்டுமே துடைத்தோம். துணி உரசித் தேய்ந்த முன்விளிம்புக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. அது உழைத்த தடம், இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படியொன்று கிடந்தால், தயவுசெய்து ஸ்பிரிட் பாட்டிலை எடுக்காதீர்கள்.