பின் தொடரும் தொல்லை

எல்லா செல்போன்களுக்கும் ஒரே சார்ஜர் முனை வந்துவிட்டது. ஆனால் வயர் குழப்பமும் குப்பைக் குவியலும் இன்னும் தீரவில்லை.

தில்லி கரோல்பாகில் உள்ள கஃபார் மார்க்கெட்டுக்கு 20 ஆண்டுகளுக்கு முன் செல்போன் சார்ஜர் வாங்கப் போனவர்கள் ஒரு கேள்விக்குத் தயாராகப் போக வேண்டியிருந்தது. "மோட்டியா, பத்லியா?" தடித்த பின்னா, மெல்லிய பின்னா என்று பொருள். நோக்கியா என்றால் இரண்டில் ஒன்று. சாம்சங்குக்குத் தட்டையாக வேறொன்று. சோனி எரிக்சனுக்கு அகலமாக இன்னொன்று. எந்தப் பின் என்று தெரியாதவர்கள் பேசாமல் போனையே எடுத்து நீட்டினார்கள்.

இன்று கேள்வி சுருங்கிவிட்டது: "டைப் சி தானே?" பெரும்பாலும் பதில் ஆமாம்தான். புதிதாக வரும் ஸ்மார்ட்போன், ஆண்ட்ராய்டோ ஐபோனோ, அடிப்பக்கத்தில் அதே நீள்வட்டத் துளை. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் உள்ளே போகும். 30 ஆண்டு காலக் குழப்பம் ஒருவழியாக முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அது துளையிலிருந்து வயருக்கு இடம் மாறியிருக்கிறது. பழைய குழப்பத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடிந்தது. புதியதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆளுக்கொரு பின்

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, தில்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதன் பிறகு சந்தைக்கு வந்த ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு பின் வைத்துக்கொண்டது. தொழில்நுட்பக் காரணங்கள் இல்லாமல் இல்லை. பேட்டரிகள் வேறு, அவை கேட்கும் வோல்டேஜ் வேறு. ஆனால் வியாபாரக் காரணமும் இருந்தது. போன் ஒரு முறைதான் விற்கும். தொலைந்துபோன சார்ஜருக்காக வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார்.

ஒரே கம்பெனிக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. 2003இல் டார்ச் விளக்கோடு வந்து இந்திய கிராமங்களைப் பிடித்துக்கொண்ட நோக்கியா 1100க்குத் தடித்த பின். சில ஆண்டுகளில் நோக்கியாவே மெல்லிய பின்னுக்கு மாறியது. தடித்ததை மெல்லியதாக்கும் ஒரு சாண் வயரும் தனியாக விற்பனைக்கு வந்தது.

அந்தக் காலத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஸ்ரீபெரும்புதூர் நேரில் பார்த்தது. 2006இல் அங்கே திறக்கப்பட்ட நோக்கியா தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது. பூட்டிக் கிடந்த அந்தத் தொழிற்சாலையை சால்காம்ப் கம்பெனி வாங்கியிருப்பதாக 2019இல் மத்திய அரசு அறிவித்தது. சால்காம்ப் தயாரிப்பது சார்ஜர்கள். அதன் முக்கிய வாடிக்கையாளர் ஆப்பிள்.

பரோடாக்காரரின் யோசனை

ஒரே முனை என்ற யோசனை செல்போனில் பிறக்கவில்லை, கம்ப்யூட்டரில் பிறந்தது. அதில் ஒரு இந்தியருக்குப் பெரும் பங்கு உண்டு. பரோடாவில் எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போன அஜய் பட், இன்டெல் கம்பெனியில் 1990இல் சேர்ந்தார். பிரின்டருக்கு ஒரு வயர், கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு இன்னொன்று என்று கம்ப்யூட்டரின் பின்புறம் புதராக இருந்த காலம் அது. வீட்டில் ஒரு பிரின்டரை இணைக்கவே பெரும்பாடாக இருந்தது, எல்லாவற்றுக்கும் ஒரே முனை வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது என்று பிற்காலப் பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார்.

அவரும் அவரது குழுவினரும் உழைத்த யூ.எஸ்.பி. தரத்தின் முதல் வடிவம் 1996 ஜனவரியில் வெளியானது. ஏழு கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்த தரம் அது. யாரும் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம். ஒரே குறை, முதல் தடவை செருகும்போது பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கும். இரு பக்கமும் பொருந்தும்படி செய்திருந்தால் செலவு இரட்டிப்பாகியிருக்கும் என்பது பட் தந்த விளக்கம். அந்தக் குறையைத் தீர்த்தது 2014இல் வந்த டைப் சி. சிறிய அந்தத் துளைக்குள் 24 தொடுமுனைகள்.

நல்ல முனை இருந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தக் கம்பெனிகள் சம்மதிக்க வேண்டும்.

ஐரோப்பாவின் பிடி

முதலில் ஐரோப்பிய யூனியன் கெஞ்சிப் பார்த்தது. 2009இல் அங்கே 30க்கும் மேற்பட்ட சார்ஜர் வகைகள் புழங்கின. நோக்கியா, சாம்சங், ஆப்பிள் உள்ளிட்ட கம்பெனிகள் மைக்ரோ யூ.எஸ்.பி. முனைக்கு மாறுவதாக அந்த ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது சட்டமல்ல, தாமாக முன்வந்து கொடுத்த வாக்கு. அதிலும் ஓர் ஓட்டை: போனில் சொந்த முனையை வைத்துக்கொண்டு அடாப்டர் விற்றாலும் வாக்கைக் காப்பாற்றியதாகக் கணக்கு. ஆப்பிள் அந்த வழியில் போனது. 2012இல் லைட்னிங் என்ற தனது புதிய முனையையும் அறிமுகப்படுத்தியது.

ஆனாலும் ஒப்பந்தம் வீண்போகவில்லை. 30 வகை மூன்றாகக் குறைந்தது. 2018இல் ஐரோப்பாவில் போன்களோடு விற்ற சார்ஜர்களில் 50 சதவீதம் மைக்ரோ யூ.எஸ்.பி., 29 சதவீதம் டைப் சி, 21 சதவீதம் லைட்னிங். இந்த மூன்றை ஒன்றாக்கத்தான் சட்டம் தேவைப்பட்டது.

ஒரே முனையைக் கட்டாயமாக்கினால் புதிய கண்டுபிடிப்புகள் முடங்கும், ஏற்கனவே விற்ற 100 கோடிக்கும் மேற்பட்ட லைட்னிங் சாதனங்களின் வயர்கள் குப்பையாகும் என்று ஆப்பிள் வாதிட்டது. ஐரோப்பிய பார்லிமென்ட் அசையவில்லை. 2022 அக்டோபர் 4 அன்று நடந்த வாக்கெடுப்பில் சட்டத்துக்கு ஆதரவாக 602 ஓட்டு, எதிராக 13. சட்டம் போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் 2024 டிசம்பர் 28இல் அமலுக்கு வந்தது. லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 வரை அவகாசம் தரப்பட்டது.

ஆப்பிள் கெடுவுக்குக் காத்திருக்கவில்லை. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15இல் டைப் சி முனை இருந்தது, ஐரோப்பாவுக்கு மட்டுமல்ல, உலகம் முழுவதற்கும். பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டம் கஃபார் மார்க்கெட் வரை செல்லுபடியானது.

தில்லியின் கணக்கு

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதில் இறங்கியது 2022இல். ஐரோப்பாவில் விற்க முடியாத பழைய முனைச் சரக்கு இந்தியாவில் வந்து குவியும் என்ற கவலை ஒரு பக்கம். மின்னணுக் கழிவு மறு பக்கம். அசோசெம்-இ.ஒய். அறிக்கையின்படி 2021இல் இந்தியாவில் சேர்ந்த மின்னணுக் கழிவு 50 லட்சம் டன். சீனாவும் அமெரிக்காவும் மட்டுமே இந்தியாவுக்கு முன்னால் இருந்தன.

அந்த ஆண்டு ஆகஸ்டில் தொழில்துறையினருடன் பேச்சு தொடங்கியது. நவம்பர் 16 அன்று துறையின் அப்போதைய செயலர் ரோஹித் குமார் சிங் தலைமையில் கூடிய கூட்டத்தில், ஸ்மார்ட்போன், டேப்லெட், லேப்டாப் ஆகியவற்றுக்கு டைப் சி என்பதில் பொதுவான உடன்பாடு ஏற்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2023 ஜனவரியில் டைப் சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது.

ஆனால் அதே நவம்பர் கூட்டத்தில் இன்னொரு விஷயமும் பேசப்பட்டது. சாதாரண பட்டன் போன்களுக்கு வேறு முனை வைத்துக்கொள்ளலாம் என்பதே அது. முனையை மாற்றினால் விலை ஏறும் என்பது தொழில்துறையின் கவலை. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு விற்கும் போனில் 20 ரூபாய் கூடினாலும் வாங்குபவருக்குத் தெரியும். இந்தியாவில் இன்னும் கோடிக்கணக்கானோர் கையில் இருப்பது இந்த போன்தான். அப்பா கையில் பட்டன் போன், மகள் கையில் ஸ்மார்ட்போன் என்றிருக்கும் வீட்டில் 'ஒரே சார்ஜர்' என்பது பேச்சோடு நின்றுவிடுகிறது.

வாய் ஒன்று, வயிறு வேறு

சரி, வீட்டில் எல்லா போன்களும் டைப் சி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லா வயரும் எல்லா போனுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

வெளியே ஒரே மாதிரி தெரியும் டைப் சி வயர்களுக்குள் பெரிய வித்தியாசங்கள் உண்டு. இரு முனையிலும் டைப் சி உள்ள சாதாரண வயர் தாங்குவது 3 ஆம்பியர். அதிகபட்சம் 60 வாட். 5 ஆம்பியர் போக வேண்டுமானால் வயரின் முனைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும். தான் எவ்வளவு தாங்கும் என்பதை சார்ஜருக்கும் போனுக்கும் அறிவிப்பது அதன் வேலை. 2021இல் திருத்தப்பட்ட தரத்தின்படி அத்தகைய வயர் 240 வாட் வரை கொண்டுபோகலாம். சிப் இல்லாத வயரில் லேப்டாப்பைச் செருகினால் மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும். சில சமயம் ஏறவே ஏறாது.

போதாக்குறைக்கு, அதிவேக சார்ஜிங் என்ற பெயரில் கம்பெனிகள் மீண்டும் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. ஒப்போ 2014இல் கொண்டுவந்த வூக் முறைக்கு அதற்கென்று செய்த சார்ஜரும் வயரும் தேவை. வேறு வயரைப் போட்டாலும் போன் சார்ஜ் ஆகும், சாதாரண வேகத்தில். இதனால்தான் ஐரோப்பிய சட்டம் துளையின் வடிவத்தோடு நிற்கவில்லை. 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும் போன் எதுவாக இருந்தாலும், தன் சொந்த முறையோடு யூ.எஸ்.பி.யின் பொதுவான முறையையும் ஏற்க வேண்டும் என்கிறது. எத்தனை வாட் சார்ஜர் தேவை என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடவும் சொல்கிறது.

மோசமான வயரால் நேரம் மட்டும் வீணாவதில்லை. கூகுளில் பணியாற்றிய இன்ஜினியர் பென்சன் லியுங், இணையத்தில் விற்ற டைப் சி வயர்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து வந்தார். 2016 பிப்ரவரியில் அவர் செருகிய ஒரு வயருக்குள் இணைப்புகள் மாறியிருந்தன. சோதனைக் கருவிகளோடு அவரது லேப்டாப்பும் பழுதானது. அடுத்த மாதமே, தரத்துக்கு ஒத்துவராத டைப் சி வயர்களைத் தன் தளத்தில் விற்க அமேசான் தடை விதித்தது. நடைபாதைக் கடையில் உறையில்லாமல் தொங்கும் வயருக்கு அந்தத் தடை பொருந்தாது. வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: 60 அல்லது 240 வாட் என்ற யூ.எஸ்.பி. முத்திரை வயரிலோ உறையிலோ இருக்கிறதா என்று பார்ப்பது.

இன்னொரு செலவும் வாங்குபவர் தலையில் விழுந்தது. 2020இல் ஆப்பிளும் 2021இல் சாம்சங்கும் தங்கள் விலை உயர்ந்த போன்களின் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டன. வீட்டில்தான் பழையது இருக்கிறதே, கழிவு குறையும் என்பது அவை சொன்ன காரணம். பிரேசில் அதை ஏற்கவில்லை. 2022இல் ஆப்பிளுக்கு அபராதம் விதித்து, சார்ஜர் இல்லாத ஐபோன் விற்பனைக்கே தடை போட்டது.

சீலம்பூரின் புகை

கழிவு உண்மையில் எவ்வளவு குறையும்? பயன்படாமல் கிடந்தும் தூக்கி எறியப்பட்டும் ஐரோப்பாவில் ஆண்டுக்கு 11,000 டன் சார்ஜர்கள் கழிவாகின்றன என்பது அங்கத்திய கணக்கு. உலகம் முழுவதும் 2022இல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. இந்த மலையில் சார்ஜர்கள் ஒரு கூடை மண்.

ஆனால் அந்தக் கூடையைச் சுமப்பவர்களுக்கு அது சிறியதல்ல. வடகிழக்கு தில்லியின் சீலம்பூரில் பழைய கம்ப்யூட்டர்களும் போன்களும் வயர்களும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. பெண்களும் சிறுவர்களும் கையுறை கூட இல்லாமல் பிரித்தெடுப்பதைப் பல ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வயருக்குள் விலை போவது செம்பு. அதை எடுக்கச் சுலபமான வழி மேலே உள்ள பிளாஸ்டிக்கை எரிப்பது. பி.வி.சி. எரியும்போது வரும் புகையில் அமில வாயுவோடு, புற்றுநோய் உண்டாக்கும் டயாக்சின்களும் இருக்கும்.

2023 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், தாங்கள் விற்ற பொருளுக்கு ஈடாக, பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்கள் வழியே கணக்குக் காட்டும் பொறுப்பைக் கம்பெனிகள் மீது சுமத்துகின்றன. ஆனால் மேஜை இழுப்பறையில் கிடக்கும் நான்கு பழைய வயர்களைப் பதிவு பெற்ற நிலையத்துக்கு யாரும் எடுத்துப் போவதில்லை. காயலான் கடைக்காரர் வாசலுக்கே வருகிறார். எடைக்குக் காசும் தருகிறார்.

ஒரே முனையால் வரும் நன்மை உண்மையானது. ஆனால் அது மெதுவாகத்தான் வரும். இன்று வாங்கும் நல்ல வயர் அடுத்த போனுக்கும் அதற்கடுத்த போனுக்கும் உழைத்தால்தான் கழிவு குறையும். அதற்கு வயர் தரமானதாக இருக்க வேண்டும், தரம் என்ன என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். ஆறு மாதத்தில் அறுந்துபோகும் மலிவு வயர் எந்த முனையோடு வந்தாலும் அது போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். மோட்டியோ, பத்லியோ, டைப் சியோ, சீலம்பூர் நெருப்பில் போட்ட பிறகு மிஞ்சுவது அதே செம்பும் அதே புகையும்.