கார் தரும் எர்ரர் மெசேஜ்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் திரையில் எர்ரர் மெசேஜ் வந்தால் பதறிப் போகிறோம். அதிலுள்ள எண்ணைக் குறித்துக் கொள்ளாமல் ஓகே பட்டனை அழுத்திவிட்டு, சர்வீஸ் செய்பவரிடம் "ஏதோ வந்தது சார்" என்கிறோம். என் கார் விஷயத்திலும் இதே தவறைச் செய்ய இருந்தேன்.

ஒரு நாள் டேஷ்போர்டில் மஞ்சள் நிற "செக் என்ஜின்" விளக்கு எரிந்தது. வண்டியும் குலுங்கியது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை இணைத்துப் பார்த்துவிட்டு, பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று 18 ஆயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் தந்தார்கள். ஸ்கேனரில் வந்தது என்ன என்று கேட்டேன். "பி0301" என்றார்கள். அதை மட்டும் எழுதிக் கொண்டு வீடு திரும்பினேன்.

காரின் என்ஜினை இயக்குவதும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். சென்சார்கள் தரும் அளவுகளில் தவறு தெரிந்தால், அது ஒரு குறியீட்டைப் பதிந்து வைத்து விளக்கை எரிய விடும். இந்த ஓ.பி.டி. 2 முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. இந்தியாவில் பி.எஸ். 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் கட்டாயமானது.

குறியீட்டைப் படிப்பது எளிது. முதல் எழுத்து பி என்றால் என்ஜின், கியர் பகுதி. இதே போல பாடிக்கு ஒன்று, பிரேக் போன்ற சேஸிஸ் பகுதிக்கு ஒன்று, உள் நெட்வொர்க்கிற்கு ஒன்று என மேலும் மூன்று எழுத்துகள் உண்டு. அடுத்து வரும் 0, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். 1 என்றால் பெரும்பாலும் அந்த நிறுவனத்திற்கு மட்டும் உரியது. மூன்றாவதாக உள்ள 3, இக்னிஷன் தொடர்பானது. கடைசி 01, முதல் சிலிண்டர். அதாவது, முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. அவ்வளவுதான். எந்தப் பாகம் பழுது என்று அது சொல்லவில்லை!

இதனை நாமே படிக்கலாம். ஸ்டீயரிங் அருகே, டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். இ.எல்.எம். 327 வகை புளூடூத் அடாப்டர் ஒன்றை அதில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பவும். லேப்டாப்பில் அடாப்டரை பேரிங் செய்திடவும். பாஸ்வேர்ட் பெரும்பாலும் 1234. பின், ஓ.பி.டி. சாப்ட்வேரைத் திறந்து, சரியான காம் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் குறியீடுகள் திரையில் கிடைக்கும். மொபைல் போனிலும் இதற்கான அப்ளிகேஷன்கள் உள்ளன.

என் காரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில். எனவே என்ஜின் ஆறிய பின், தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்து முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றினேன். குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓட்டினேன். மறுநாள் வந்தது பி0302. காயில் போன இடத்திற்குப் பழுதும் போயிருந்தது! ஒரே ஒரு காயில் மாற்றினோம், குலுக்கல் நின்றது. குறியீடு பி0301 ஆகவே நீடித்திருந்தால், அடுத்து பிளக்கை இதே போல மாற்றிப் பார்த்திருப்போம்.

சில எச்சரிக்கைகள்:

* குறியீட்டை எழுதி வைக்காமல் அழிக்க வேண்டாம். பழுது ஏற்பட்ட நேரத்தின் வேகம், வெப்பம் போன்ற தகவல்களும் சேர்ந்து அழிந்துவிடும். அழிப்பதால் பழுது நீங்காது.

* பி0420 வந்தால் உடனே விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வர்ட்டரை மாற்ற வேண்டாம். புகைக் குழாயில் கசிவு இருந்தாலும், சென்சார் பழுதானாலும் இது வரலாம்.

* விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியைத் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரையே கெடுத்துவிடும்.

* மலிவான அடாப்டர்கள் பல, ஏர்பேக், ஏ.பி.எஸ். குறியீடுகளைப் படிப்பதில்லை. அவற்றை ஒர்க்‌ஷாப்பிடமே விட்டுவிடவும்.

அடுத்த முறை யாராவது எஸ்டிமேட் நீட்டினால், முதலில் குறியீட்டைக் கேளுங்கள். அடுத்து, "இந்தப் பாகம்தான் என்று எப்படிச் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுக்கலாம்.