எலியை விரட்டும் இருளர்கள்!

கதிர் முற்றிவிட்டது. இன்னும் சில நாளில் அறுவடை. அந்த நேரம் பார்த்து, இரவோடு இரவாக வயலில் திருடர்கள் இறங்கிவிடுகிறார்கள்.

யார் அந்தத் திருடர்கள்?

எலிகள்!

எலி தின்பதோடு நிற்பதில்லை. கதிரைக் கடித்து இழுத்துப்போய் வளையில் பதுக்கியும் வைக்கும். கருவுற்ற மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரே ஈற்றில் பல குட்டிகள்!

இந்தத் திருடர்களைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள், செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதிகளில் வாழும் இருளர்கள்.

புகை போடுவார்கள்

எலி இருக்கும் வளையை வரப்பில் தேடிக் கண்டுபிடிப்பார்கள். மற்ற வழிகளை மண்ணால் அடைப்பார்கள். பானையில் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டுவார்கள். பானையின் வாயை வளையில் வைத்து, அடியில் உள்ள துளை வழியாக ஊதுவார்கள். உள்ளே புகை சூழும். எலி மயங்கும். உடனே தோண்டி எடுத்துவிடுவார்கள்.

பிடித்த எலிகளை எண்ணிக் கூலி. வளையில் கிடைக்கும் நெல்லும் அவர்களுக்கே.

ஆனால் ஊதுகிறவர் கதி என்ன? சூட்டில் வாய் வேகும். புகையில் நெஞ்சு கெடும்.

2000-களின் தொடக்கத்தில் இதற்கு வழி பிறந்தது. கையால் சுழற்றிப் புகை போடும் இரும்புக் கருவி வந்தது. உலக வங்கியும் இதற்கு உதவியது.

பாம்பும் காவலாளி

எலிக்கு இன்னொரு எமன் பாம்பு. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்புகளைக் கொன்றார்கள். பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு தோல் வியாபாரம் நின்றது. இருளர் பிழைப்பும் போயிற்று.

1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உயிரோடு பிடிக்கிறார்கள். நஞ்சை எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைக் கொண்டுதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது.

2023-ல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விஷம் வேண்டாம்

விஷம் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் பூனையும் சாகக்கூடும். அப்புறம் எலிக்குக் கொண்டாட்டம்தான்!

வரப்பைச் சிறியதாகப் போடுங்கள். வளை தோண்ட இடம் இராது. ஆந்தை வந்து உட்கார வயலில் குச்சி நடுங்கள். பாம்பைக் கண்டால் அடிக்காமல் விலகிப் போங்கள்.

எலி பிடிக்க வரும் இருளருக்குக் கூலியைக் குறைக்காதீர்கள். அவர் காப்பது உங்கள் வீட்டுச் சோற்றை!