அவசர வைத்தியருக்கு வேலை எங்கே?

பாலாவிச் சந்தியிற் பிரிந்து வடக்கு நோக்கிச் செல்லும் வீதி கற்பிட்டிக் குடாநாட்டினூடே ஓடுகின்றது. கிழக்கே புத்தளக் களப்பு, மேற்கே பெருங்கடல், இடையே ஒடுங்கிய மணற்றரை. அத்தரையில் அமைந்த ஊர்களுள் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. கடலை நம்பி வாழும் குடும்பங்களும், கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் குடும்பங்களும் நிறைந்த பகுதி இது.

இத்தகைய ஊரிலே நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டுவிட்டதென வைத்துக்கொள்வோம். வீட்டார் என் செய்வர்? முதலிற் கற்பிட்டி வைத்தியசாலைக்கு விரைவர். அங்கே இயலாத சிகிச்சை வேண்டியிருப்பின் புத்தளத்துக்குச் செல்லவேண்டும். கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்குத் தெருவழியாக நாற்பது கிலோமீற்றருக்கு மேல். அதனினும் பெரிய சிகிச்சை எனின் சிலாபம். அதற்கும் மேலெனின் கொழும்பு. நோயோ இந்தத் தூரத்தைக் கணக்கிற் கொள்வதில்லை.

இவ்வூர்ப் பள்ளியிற் படிக்கும் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி ஒருநாள் தன் தந்தையிடம், “நான் அவசர சிகிச்சை வைத்தியராக வர விரும்புகிறேன்” என்று சொல்வாளாயின், அவர் முதலிற் கேட்கும் கேள்வி எதுவாயிருக்கும்? “நல்லது மகள், ஆனால் அந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா?” என்பதாகவே இருக்கும். பிள்ளைகளைப் பெற்ற எவரும் கேட்கத்தக்க கேள்வியே அது. அதற்குரிய விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறை பிறந்த கதை

இருதய நிபுணர் இருதயத்தையும், கண் வைத்தியர் கண்ணையும் பார்ப்பர். அவசர வைத்தியர் எதைப் பார்ப்பவர்? இன்ன நோயென்று இன்னும் அறியப்படாத நோயாளரைப் பார்ப்பவர் அவர். வாசலுக்கு வந்த பத்துப் பேருள் எவர் உடனே கவனிக்கப்படவேண்டியவர், எவர் சற்றுப் பொறுக்கலாம் எனத் தெரிந்து, மூச்சையும் குருதியோட்டத்தையும் முதலிற் காத்து, பின்னர் உரிய நிபுணரிடம் ஒப்படைப்பது அவர் கடமை.

இப்பணி மிகப் பழையது. ஆயினும் இதைத் தனித்துறையாகக் கொள்ளும் வழக்கம் புதியது. முன்னாளில் இங்கிலாந்திலும் விபத்துப் பிரிவு, அனுபவம் குறைந்த இளம் வைத்தியர் கையிலேயே பெரும்பாலும் விடப்பட்டிருந்தது. அங்கே லீட்ஸ் நகரில் 1952ஆம் ஆண்டில் மோரிஸ் எல்லிஸ் என்பார் அப்பிரிவுக்கென்றே நிபுணராக நியமனம் பெற்றார். 1967இல் அந்நாட்டு விபத்துப் பிரிவு வைத்தியர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது அவரே அதன் முதற் றலைவரானார்.

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாந்திரியா என்றொரு நகர் உண்டு. அங்கே 1961இல் ஜேம்ஸ் மில்ஸ் என்பாரும் அவருடைய தோழர் மூவரும் தத்தம் சொந்த வைத்தியத் தொழிலைக் கைவிட்டு, வைத்தியசாலையின் அவசரப் பிரிவை இரவு பகலாக நடத்தும் பொறுப்பை ஏற்றனர். ஒருவரல்லர், நால்வர் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அதற்குத் தேவை வரும். அந்நாட்டில் 1970இல் சின்சினாற்றி நகரில் இத்துறைக்கான முதற் பயிற்சி நெறி தொடங்கியது. 1979இல் இது தனி நிபுணத்துவமாக ஏற்கப்பட்டது. இந்திய மருத்துவக் கழகம் இதனை ஏற்றது 2009இல்.

இலங்கையிலோ, கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2010ஐ அடுத்த ஆண்டுகளிலேதான் இத்துறைக்குத் தனிப் பயிற்சி நெறியைத் தொடங்கியது. எனவே, இந்நாட்டில் இத்துறை நிபுணர் இன்னும் முதற் றலைமுறையினரே ஆவர்.

நெடிய பாதை

உயர்தரப் பரீட்சையில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் சிறந்த புள்ளி பெறுதல் முதற்படி. பின்னர் மருத்துவபீடத்தில் ஐந்தாண்டுப் படிப்பு. ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அதன்பின் திறமை வரிசைப்படி அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் நியமனம். இந்நிலையை அடைந்த எந்த வைத்தியரும் அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்திய அதிகாரியாகப் பணியாற்றலாம். நிபுணராக வேண்டுவோர் சில காலம் சேவை செய்தபின் தெரிவுப் பரீட்சை எழுதி, பட்டமேற்படிப்பில் பல ஆண்டு பயின்று, வெளிநாட்டிலும் பயிற்சி பெற்றுத் திரும்புதல் வேண்டும். பள்ளியை விட்ட நாளிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிடும்.

ஆகவே, இன்று உயர்தர வகுப்பில் இருக்கும் பிள்ளை இன்றைய வேலை நிலவரத்தை மட்டும் பார்த்துத் துறையைத் தெரிவது பொருந்தாது. நிலவரம் எத்துணை விரைவில் மாறும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. அங்குள்ள அவசர வைத்தியர் கல்லூரியின் முயற்சியால் 2021இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 2030ஆம் ஆண்டளவில் இத்துறையில் வைத்தியர் 7,845 பேர் தேவைக்கு மிஞ்சியிருப்பர் என அது கணித்தது. மாணவர் அஞ்சினர், வேறு துறைகளை நாடினர். 2022இல் இத்துறையின் பயிற்சி இடங்களில் 219 நிரம்பாது போயின. 2023இலோ ஐந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட இடங்கள் வெறிதே கிடந்தன. அடுத்த ஆண்டிலேயே காற்றுத் திரும்பியது. 2024இல் நிரம்பாதவை 135 மட்டுமே. மூன்றாண்டுக்குள் இத்தனை ஏற்றத்தாழ்வு! பன்னிரண்டு ஆண்டுப் பயணத்துக்கு மூன்றாண்டுக் காற்றை நம்பிப் பாய் விரிக்கலாமா?

தேவை வேறு, பதவி வேறு

அதே அமெரிக்காவில் இன்னொரு கணக்கும் உண்டு. 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அங்கே பணிபுரிந்த அவசர வைத்தியர் ஏறக்குறைய 48,800 பேருள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் நகர்ப்புறங்களிலேயே இருந்தனர். ஒருபுறம் மிகுதி வரும் என்ற அச்சம். மறுபுறம் நாட்டுப்புற வைத்தியசாலைகளில் ஆளில்லாக் குறை. இவ்விரண்டும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் நிகழ்வன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வைத்தியர் தேவைப்படும் இடம் வேறு. அவர்களுக்குப் பதவி உள்ள இடம் வேறு. குறிஞ்சிப்பிட்டி போன்ற ஊர்களுக்குத் தேவை உண்டு என்பதை எவரும் மறுக்கார். ஆனால் தேவை தானாகவே சம்பளம் கொடுப்பதில்லை. அரசாங்கம் பதவியை உண்டாக்கி, கருவிகளை வாங்கி, பணம் ஒதுக்கினால் மட்டுமே அது வேலையாகின்றது. நிபுணருக்குரிய பதவிகளோ இயல்பாகவே பெரிய வைத்தியசாலைகளில்தான் முதலில் உண்டாகின்றன.

நம் நாட்டுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. பெற்றோர் இதை வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஏனைய நிபுணர்கள் அரசாங்கக் கடமை முடிந்தபின் மாலை வேளைகளில் தனியார் நிலையங்களில் நோயாளரைப் பார்த்து வருமானம் தேடுவர். அவசர வைத்தியருக்கோ தமக்கென நோயாளர் இல்லை. நெஞ்சுவலியோடு வந்தவரின் உயிரைக் காப்பவர் இவர். அடுத்த மாதம் அந்நோயாளர் பணம் கட்டிச் சந்திக்கப்போவதோ இருதய நிபுணரை. எனவே, இத்துறையை நாடுவோர் இந்த உண்மையை முன்னரே அறிந்து நாடுதல் நன்று.

வெளிநாடு போகலாமே என்பர் சிலர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போதும் அதன் பின்னரும் நம் வைத்தியர் பலர் கடல் கடந்தனர். அவர்களைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. ஆயினும் அவ்வாசலும் என்றும் ஒரே அகலமாக இருப்பதில்லை. வெளிநாட்டு வைத்தியரைப் பெரிதும் நம்பியிருந்த பிரித்தானியா, 2025 ஜூலையில் வெளியிட்ட பத்தாண்டுச் சுகாதாரத் திட்டத்தில், நிபுணத்துவப் பயிற்சி இடங்களைத் தன் நாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கும், அங்கே நெடுநாட் சேவை செய்தோருக்கும் முதன்மையாக வழங்கப்போவதாகக் கூறியது. பரீட்சையிற் சித்தியெய்தினால் வேலை நிச்சயம் என்ற பழைய நம்பிக்கை இனிச் செல்லாது.

ஒருவர் போதாது

அப்படியாயின் குடாநாட்டின் முனையில் ஒரு நிபுணரை நியமித்துவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி. ஒருவர் வாரத்துக்கு நாற்பது மணி வேலை செய்வதாகக் கொண்டால், ஒரு நாற்காலியை இரவு பகலாக நிரப்புவதற்கு நால்வருக்கு மேல் வேண்டும். அலெக்சாந்திரியாவில் நால்வர் சேர்ந்ததன் பொருத்தம் இப்போது விளங்கும். தனியே விடப்பட்ட ஒருவர் சில மாதம் ஈடுகொடுப்பார். பின்னர் களைத்து இடமாற்றம் கேட்பார். அதைக் கடமையுணர்ச்சிக் குறைவு எனல் தகாது. மனித உடலின் எல்லை அது.

வைத்தியர் மட்டும் இருந்தாலும் போதாது. பக்கவாதம் கண்டவரின் மூளைக் குருதிக் குழாயிலுள்ள அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தல் வேண்டும். கொடுக்குமுன் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தாகவேண்டும். அதற்குரிய இயந்திரம் இல்லாவிடின் எவ்வளவு கற்றவரும் கைகட்டி நிற்கவேண்டியவரே.

மறுபுறம், பெருங்கருவி இல்லாத இடத்திலும் தேர்ந்த கை உயிரைக் காக்கும் வேளைகள் உண்டு. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். விஷமுறிவு மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். இலங்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ முக்காற்பங்கினருக்கு ஏதேனும் ஒவ்வாமை கண்டது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறைகின்றது என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. மருந்தை ஏற்றும்போது அருகில் நின்று, மூச்சுத் திணறல் கண்டவுடன் தயங்காது செயற்படத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் தோட்டத்துக்கு அருகிலுள்ள வைத்தியசாலையில் இருப்பதற்கும் கொழும்பில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விவசாயக் குடும்பங்களுக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

வேறு வாயில்கள்

மருத்துவபீடத்துக்கு இடம் கிடையாத மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வரும் ‘சுவசெரிய’ வண்டிகளை இன்று அறியாதார் இல்லை. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிய இச்சேவை, 2018இல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவடையத் தொடங்கியது. அவ்வண்டியில் வருபவர் வைத்தியரல்லர். அவசர சிகிச்சையிற் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர். வீட்டு வாசலில் முதலில் வந்து கைகொடுப்பவர் அவரே. அவசரப் பிரிவிற் பணியாற்றும் தாதியரின் திறமையோ வைத்தியர் திறமைக்கு இணையாகப் போற்றப்படவேண்டியது. இவையும் அவசர சிகிச்சைத் துறையின் வேலைகளே.

தந்தைக்குரிய விடை

ஆகவே, அந்தத் தந்தைக்கு நாம் சொல்லக்கூடிய விடை இது: வேலை உண்டு. வைத்தியப் பட்டம் பெற்றவருக்கு அவசரப் பிரிவிற் பணி கிடைப்பது அரிதன்று. நிபுணருக்குரிய பதவி பெரிய வைத்தியசாலைகளில் முதலிற் கிடைக்கும். சிறிய ஊர்களில் அது இனித்தான் உண்டாக்கப்படவேண்டும். பெருஞ்செல்வம் தேடுவதே குறிக்கோளாயின் வேறு துறை பொருத்தமாகலாம். இரவில் விழித்திருக்கவும், முன்பின் அறியாதவர்க்கு உதவவும், விரைந்து முடிவெடுக்கவும் மனமிருப்பின் இத்துறை அவளுக்கு உரியதே.

பதவி தேடும் காலம் வரும்போது அவள் சம்பளத்தை மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. என்னோடு எத்தனை வைத்தியர் பணிபுரிவர்? மாதத்தில் எத்தனை இரவு கடமை? குருதி வங்கியும் சத்திரசிகிச்சைக் கூடமும் உண்டா? நோயாளரை மேலிடத்துக்கு அனுப்ப வண்டி ஆயத்தமாக நிற்குமா? தங்க வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அருகில் உளவா? இவற்றையும் கேட்டறிதல் வேண்டும்.

இக்கேள்விகளை வைத்தியர் மட்டுமன்றி ஊராரும் கேட்கவேண்டும். கற்பிட்டிப் பகுதிக்கு ஒரு வைத்தியரைத் தாருங்கள் என்று மனுக் கொடுப்பதைவிட, நால்வருக்கான பதவிகளையும் அவர்கள் தங்க விடுதியையும் தாருங்கள் என்று கேட்பதே பயன் தரும். அவ்வாறு கேட்டுப் பெற்றால், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் படிப்பை முடித்து வரும் அந்தப் பெண், பணி தேடிக் கடல் கடக்கவேண்டிய கட்டாயம் இராது. தன் ஊரை அடுத்த வைத்தியசாலையிலேயே, நள்ளிரவில் வரும் நோயாளருக்காக அவள் விழித்திருப்பாள்.